இரண்டு கயிற்றில் ஒரு வீடு

மார்ச் 28, 1949, திங்கள். தென்கிழக்குக் காற்று, ஈரம். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். வீடு எந்தக் கரைக்கு வருகிறது என்று லியாண்டர் மாமா கேட்டார். உங்கள் கரைக்குத்தான் என்றேன். அசரையா பெரியப்பாவும் கேட்டார். அவரிடமும் அதையே சொல்லிவிட்டேன். இதைச் சிறு தவறு என்று எழுதலாமா என்று தெரியவில்லை.

மெலினா எழுதியதை இரண்டு முறை படித்தாள். மாலை வகுப்பு நடத்திய மிஸ் பென்னி இரண்டு வாரத்துக்கு முன் பனிமேல் நாய்கள் இழுக்கும் நாய்வண்டியில் ஏறிப் போகும்போது, வகுப்பு முடிந்தாலும் தினமும் எழுதுவதை விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். எழுதினால் மனம் தெளியும் என்றும் சொன்னார். மெலினாவுக்குத் தெளியவில்லை. வியாழக்கிழமை வீட்டை இழுக்கப் போகிறார்கள். அதற்குள் இந்தத் தவறு தானாகச் சரியாகிவிடாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மெர்சர் துறைக்கு இரண்டு கரை. வடகரையில் மாதா கோயிலும் அதைச் சுற்றி வீடுகளும். தென்கரையில் வேறு சர்ச், வேறு பள்ளிக்கூடம், வேறு வீடுகள். நடுவில் கடல். துறையின் வாயில் முட்டைத்தீவு. அந்தத் தீவில் ஒரே ஒரு வீடு, மெலினாவின் வீடு. அவள் அப்பா ஈலை தென்கரைக்காரர், அம்மா ஜெமைமா வடகரைக்காரி. கல்யாணத்தின்போது இரண்டு கரையும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அப்பா தீவில் வீடு கட்டினார். இரண்டு குளிர்காலத்துக்கு முன் படகோடு போனவர் திரும்பவில்லை. அதன் பிறகு அம்மாவும் பெண்ணும் ஒரு பூனையும்தான்.

போன ஜூலையில் ஓட்டு நடந்தது. நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்வதா, பழையபடி தன்னைத் தானே ஆள்வதா என்று ஓட்டு. தென்கரை கனடாவுக்குப் போட்டது. வடகரை சொந்த ஆட்சிக்குப் போட்டது. நாடு முழுவதும் எண்ணிப் பார்த்ததில் கனடா மயிரிழையில் ஜெயித்தது. அன்றிலிருந்து இரண்டு கரையும் பேசிக்கொள்வதில்லை. மாலை வகுப்புகூட முட்டைத்தீவில் மெலினா வீட்டு முன்னறையில்தான் நடந்தது. ஒரு கரைப் பள்ளிக்கூடத்துக்குள் மறு கரைக்காரர் கால் வைக்க மாட்டார்கள். இங்கே அடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். விளக்கு மட்டும் பொது.

இந்த மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் நாடு கனடாவாகிவிடும். தபாலும் கனடா தபாலாகிவிடும். இதுவரை வடகரையில் தபால் பார்த்த கிழவர், வயதாகி மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த வேலை மெலினாவுக்குக் கிடைத்திருந்தது. வகுப்பில் அவள் எழுதிய மனுவும் மிஸ் பென்னியின் சிபாரிசும் சேர்ந்து வாங்கித்தந்த வேலை. ஒரே நிபந்தனை: தபால் நடத்துகிறவருக்குக் கரையில் வீடு இருக்க வேண்டும், அதில் ஆட்கள் வந்து போக முன்னறை ஒன்று இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாய்வண்டியில் புதிய தபாலின் முதல் மூட்டை வருகிறது. கரையில் வீடு இல்லையென்றால் மூட்டை வேறு யார் வீட்டுக்காவது போகும், வேலையும் அதன் பின்னால் போகும்.

வீடு இருந்தது. தீவில் இருந்தது. உறைந்த துறையின் மேல் இழுத்தால் கரைக்கு வந்துவிடும். இந்தப் பக்கத்தில் வீட்டை இழுப்பது புதிதல்ல. அடியில் இரண்டு சறுக்குக்கட்டை கொடுத்து, கயிறு கட்டி, பாட்டுப் பாடி, தட்டுமுட்டுச் சாமான் அலமாரியில் இருக்கும்போதே இழுத்துப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு கரை ஆட்கள் மட்டும் போதாது. இரண்டு கரையும் தோள் கொடுத்தால்தான் வீடு நகரும். ஐஸ் இந்த வாரம் தாங்கும். அடுத்த வாரம் தாங்குமா என்று யாரும் சத்தியம் செய்யத் தயாராக இல்லை.

அதனால்தான் மெலினா திங்கட்கிழமை கிளம்பினாள். முதலில் வடகரை. அம்மாவின் அண்ணன் லியாண்டர் வலைக்கொட்டகையில் உட்கார்ந்து ஒரு கறுப்புப் பாவாடையைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வா மவளே. கதவைச் சாத்து, கனடா உள்ள வந்துரப் போவுது."

"என்ன மாமா இது?"

"கையில கட்ட. வியாழக்கிழமை நாடு சாவுதில்ல, துக்கம் காக்க வேணாமா? உங்க அத்தையோட பாவாடைதான். அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா நாட்டுக்கு முந்தி நான் போயிருவேன்."

"வியாழக்கிழமைதான் மாமா வீடு இழுக்கணும்னு…"

"அன்னிக்கா?"

"அன்னிக்கு விட்டா ஐஸ் நிக்குமான்னு தெரியல."

அவர் துணியை மடியில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "செத்த வீட்டுக்கே தோள் குடுக்கறோம். சாகாத வீட்டுக்குக் குடுக்க மாட்டமா? வரோம். இங்க பாரு, நான் கனடாக்காரன மோசம்னு சொல்லல. பெரிய வீட்டுக்குக் குடி போனா அடுப்பு அவங்களது, சாம்பல் அள்றது மட்டும் நம்மது. அதத்தான் சொல்றேன். சரி, அத விடு. தபாலாபீசு என்னைக்கும் இந்தக் கரைதான். வீடும் இங்கதான வருது?"

வழியெல்லாம் மெலினா ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இன்னும் முடிவு செய்யவில்லை மாமா, உங்கள் யோசனையைச் சொல்லுங்கள் என்பது அந்த வாக்கியம். அது தொண்டை வரை வந்தது. அப்பா காணாமல் போன அந்தக் குளிர்காலத்தில் ஐஸின் மேல் விறகு இழுத்து வந்து போட்ட கை அந்தப் பாவாடையின் மேல் இருந்தது.

"ஆமா மாமா," என்றாள்.

தென்கரையில் நிலைமை இன்னும் மோசம். அப்பாவின் அண்ணன் அசரையா ஏற்கெனவே தன் ஆட்டுப்பட்டியின் பக்கத்தில் பனியை வெட்டி ஒதுக்கி, வீட்டின் நான்கு மூலைக்கும் நான்கு கல் போட்டு வைத்திருந்தார்.

"எப்படி?" என்றார், பெருமையாக. "உங்க அப்பன் தவழ்ந்த இடம். ஜன்னல்ல நின்னு பாத்தா படகு வர்றது தெரியும். பெரியம்மா ஜன்னலுக்குத் திரைகூட வெட்டிட்டா."

"பெரியப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"உன் மாமன் என்ன சொன்னான்? நான் அவன்கூடப் பேசறதில்ல. சும்மா கேக்கறேன்."

"வரேன்னார்."

"வருவான், வருவான். வாயிதான் அப்படி, தோளு நல்ல தோளு. சாம்பல் அள்றதப் பத்திச் சொன்னானா? எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றான். ஒழுகற கூரைக்குக் கீழ ராஜாவா உக்காந்திருக்கறத விட, நனையாத வீட்டுல ஒரு மூலை கெடச்சாப் போதும்னு நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு. மாவு வெலை குறையும், கெழவனுக்குப் பென்ஷன் வரும், பிள்ளைக்குப் பணம் வரும். வீடு இங்கதானம்மா வருது?"

நான்கு கல்லும் அவளைப் பார்த்தன.

"ஆமா பெரியப்பா."

செவ்வாயும் புதனும் அவள் தீவிலிருந்து இறங்கி ஐஸின் பாதி வரை நடந்து திரும்பினாள். வடக்கே போனால் தெற்கே துரோகம், தெற்கே போனால் வடக்கே துரோகம். புதன் மாலை அம்மாவிடம் சொன்னாள். ஜெமைமா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஆமான்னியா? உங்க அப்பாவும் அப்படித்தான். அதான் தீவுல வந்து உக்காந்தோம்."

"இப்ப என்னம்மா பண்றது?"

"வகுப்புக்குப் போனது நீ. வேலை உன்னோடது. எந்தக் கரைன்னு நீதான் சொல்லணும். நான் வீட்டுக்குள்ளயே இருப்பேன். நாளைக்கு ரொட்டிக்கு மாவு வச்சிருக்கேன், அடுப்ப அணைக்க மாட்டேன்."

வியாழன் காலை வானம் தாழ்ந்து கிடந்தது. இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் ஐஸின் மேல் நடந்து வந்தார்கள், பெண்களும் சேர்ந்தே. வடகரைக்காரர் எல்லார் கையிலும் கறுப்புப் பட்டை. தென்கரைக்காரர் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். ஒரு கூட்டம் சாவுக்கும் மறு கூட்டம் கல்யாணத்துக்கும் வந்ததுபோல் இருந்தது. யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. வடகரை தன் கயிற்றை இடது சறுக்குக்கட்டையில் கட்டியது. தென்கரை தன் கயிற்றை வலது கட்டையில் கட்டியது. கட்டிய கயிற்றை வீடு தரையில் உட்காரும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது மெர்சர் துறையின் வழக்கம். நடுவில் அவிழ்த்தவன் அந்த வீட்டு வாசலை அதன் பிறகு மிதிக்க முடியாது.

மெலினா வாசற்படியில் நின்றாள். உள்ளே அம்மா, அடுப்பு, மாவு, பூனை.

"ஐலசா!" என்று லியாண்டரின் குரல் எழுந்தது. வீடு கொஞ்சம் முனகியது. உடனே வலது பக்கம் அசரையா வேறு மெட்டில் வேறு பாட்டைத் தொடங்கினார். இடது கயிறு இறுகும்போது வலது கயிறு தளர்ந்தது. வலது இறுகும்போது இடது தளர்ந்தது. வீடு குடித்தவன்போல் இந்தத் தோளையும் அந்தத் தோளையும் மாற்றி மாற்றி முன்னே தள்ளிக்கொண்டு தீவை விட்டு இறங்கி ஐஸுக்கு வந்தது. இறங்கியதும் வழுக்கல் கூடி வேகம் வந்தது. எல்லாருக்கும் உற்சாகம். துறையின் நடுப்பகுதி வரை பெரிய வம்பு எதுவும் இல்லை.

அங்கேதான் வடக்குக் கயிறு வடக்கே திரும்பியது. தெற்குக் கயிறு தெற்கே திரும்பியது.

வீடு நின்றது. உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.

"மெலினா!" லியாண்டர் கத்தினார். "அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்டச் சொல்லு, அவங்க கோணலா இழுக்கறாங்க!"

"மெலினா!" என்றார் அசரையா. அவர் நின்ற இடத்திலிருந்து லியாண்டர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். "உன் மாமன்கிட்டச் சொல்லு, வீடு தெக்க போவுது, கண்ணு தெரியலன்னா நான் கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு!"

"உன் பெரியப்பன்கிட்டச் சொல்லு, வீடு வடக்க வருதுன்னு நீயே உன் வாயால சொன்னன்னு!"

"எங்கிட்டதான் சொன்னா!"

இரண்டு வரிசையும் அவளைத் திரும்பிப் பார்த்தன. மெலினாவுக்கு மிஸ் பென்னியின் குரல் ஞாபகம் வந்தது. மனு எழுதும்போது சொல்ல வந்ததை முதல் வரியில் சொல். காரணத்தை அடுத்த வரியில் சொல். மன்னிப்புக் கேட்பதென்றால் கடைசியில், ஒரே ஒரு முறை.

"ரெண்டு பேருக்கும் நான் ஆமான்னு சொன்னேன்," என்றாள். குரல் உடைந்தது, ஆனால் கேட்டது. "ரெண்டு பேருக்கும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தப்பு என்னோடது."

பிறகு வடக்கு வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் குரல்: "இவள ஒட்டாவாவுக்கு அனுப்புங்கடி. அரசியல் நல்லா வரும்."

தெற்கு வரிசையில் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காகத் தங்களுக்குள்ளேயே கோபித்துக்கொண்டார்கள். லியாண்டர் சிரிக்கவில்லை.

"சரி," என்றார். "கயித்த அவுக்க மாட்டோம். அவங்களும் அவுக்க மாட்டாங்க. யாருக்குத் தோள்ல வலு இருக்கோ அவங்க கரைக்கு வீடு போவட்டும். இழுங்கடா!"

"இழுங்கடா!" என்றார் அசரையாவும்.

இழுத்தார்கள். இதற்கு முன் இழுத்ததெல்லாம் விளையாட்டு என்று தோன்றும்படி இழுத்தார்கள். வீடு வடக்கே ஒரு முழம் திரும்பும், பிறகு தெற்கே ஒரு முழம் திரும்பும். ஜன்னலைத் திறந்து ஜெமைமா தலையை நீட்டினாள்.

"அண்ணே! அத்தான்! என் மாவு பொங்கிக்கிட்டிருக்கு. சண்டைய தரையில போட்டுக்கங்க, என் அடுப்பு மேல போடாதீங்க!"

ஜன்னல் மூடியது. மெலினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும்போல் இருந்தது. அழுவதற்குப் பதிலாக, படகில் போன பழக்கதோஷத்தில், முன்னால் தெரியும் ஒரு குறியை வைத்து வீடு எங்கே நகர்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள். துறையின் அடிமூலையில், ஓடை வந்து கடலில் விழும் இடத்தில் ஒரு மொட்டைப் பாறை இருந்தது. வீடு வடக்கே போகவில்லை. தெற்கேயும் போகவில்லை. ஆனால் இரண்டு பாட்டும் தற்செயலாக ஒரே நேரத்தில் இழுப்புக்கு வந்தபோதெல்லாம் அது நேரே ஓடை முகத்தைப் பார்த்து ஒரு தாவல் தாவியது. சந்தேகமாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தாள். அதேதான்.

அப்போது வலது சறுக்குக்கட்டையின் ஓரத்தில் ஐஸ் கறுத்து, அடியிலிருந்து நீர் கசிந்து மேலே வந்தது. நின்ற இடத்திலேயே பாரத்தை வைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பாட்டு நின்றது.

இப்போது சொல்லவில்லை என்றால் வேலை மட்டும் அல்ல, வீடும் போய்விடும்.

"மாமா, உங்க கரைக்கு வரல," என்றாள் மெலினா. முதல் வரி. "பெரியப்பா, உங்க கரைக்கும் வரல. நான் ஓடை முகத்துக்குப் போறேன். ரெண்டு கயிறும் சேந்து இழுக்கறப்ப வீடு அங்கதான் போவுது, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ரெண்டு கரைக்கும் அங்கிருந்து ஒரே தூரம்."

"ஓடை முகத்துலயா!" அசரையா திகைத்தார். "அங்க யாரு இருக்கா? சேறு. கோடை வந்தா பூச்சி உன்னத் தூக்கிட்டுப் போயிரும்."

"உங்க பெரியப்பன்கிட்டச் சொல்லு," என்றார் லியாண்டர், "ஒரே தூரம்னா ரெண்டு கரைக்கும் ஒரே தொல்லைன்னு அர்த்தம்னு. மழை பேஞ்சா கெழவிங்க எப்படி வருவாங்க?"

"உங்க மாமன்கிட்டச் சொல்லு, அது நியாயமான பேச்சுன்னு."

"நான் யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றாள் மெலினா. தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பதை நம்ப அவளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்களே பேசிக்கங்க. வீட்டுக்கடியில தண்ணி வருது."

இரண்டு பெரியவர்களும் கறுத்துக்கொண்டிருந்த ஐஸைப் பார்த்தார்கள். ஒருவர் கையில் கறுப்புப் பட்டை, மற்றவர் கழுத்தில் ஞாயிற்றுக்கிழமை டை. ஜூலையிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்ததில்லை.

"மச்சான்," என்றார் லியாண்டர். அந்தச் சொல் தொண்டையில் ஒரு மீன்முள்ளைப்போல் மாட்டி வெளியே வந்தது. "நிபந்தனை பேசுவோமா?"

"பேசுவோம் மச்சான். ரேடியோவுல கனடாவுக்கு நிபந்தனை பேசினவங்கள விடச் சுருக்கமாப் பேசுவோம். கால் நனையுது."

"வாசல் எந்தக் கரையயும் பாக்கக் கூடாது. கடலப் பாக்கணும்."

"சரி. ஆனா தெக்க ஒரு ஜன்னல் வேணும். என் பொண்டாட்டி திரை வெட்டிட்டா."

"வடக்கயும் ஒண்ணு. கொடி எதுவும் பறக்கக் கூடாது."

"தபாலாபீசுக்குக் கொடி இல்லாமயா?"

"நாளன்னிக்குப் பறக்கவிட்டுக்க. நாளைக்கு வேணாம். ஒரு நாளாவது வயித்தெரிச்சலோட இருக்க விடு."

அசரையா யோசித்தார். "சரி, நாளன்னிக்கு. வழி?"

"உங்க கரை வழிய நீங்க பாத்துக்கங்க, எங்க வழிய நாங்க பாத்துக்கறோம். ஓடை மேல பாலம் ரெண்டு பேரும் சேந்து."

"பாட்டு?"

இதுதான் கஷ்டமான இடம். லியாண்டரைப்போல் இழுப்புப் பாட்டுப் பாட அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது அசரையாவுக்கும் தெரியும். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை.

"ஒரு அடி உன்னுது, ஒரு அடி என்னுது," என்றார். "ஐலசா எல்லாருக்கும் பொது."

"எடு கயித்த," என்றார் லியாண்டர்.

இரண்டு கயிறும் நேரே ஓடை முகத்தைப் பார்த்து நீண்டன. லியாண்டர் காறித் துப்பிவிட்டு, வானத்தைப் பார்த்துக் குரலெடுத்தார்.

"கனடாக்காரன் தொப்பியில—"

தென்கரை ஒரு கணம் தயங்கியது. பிறகு என்ன செய்வது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். "ஐலசா!"

"காக்கா வந்து கூடு கட்டும்—"

"ஐலசா!"

வீடு எகிறியது. மெலினா படியில் உட்கார்ந்துவிட்டாள். அசரையாவின் முறை வந்தது.

"பேரப்புள்ள ஒன்பது பேரு—"

"ஐலசா!"

"பணம் வந்தா மச்சான் வாங்க மாட்டாராம்—"

"ஐலசா!" என்று வடகரைதான் இதற்கு அதிகமாகக் கத்தியது. லியாண்டரின் அந்த ஒன்பது பேரப்பிள்ளைகளின் அம்மாக்களும் அந்தக் கயிற்றில்தான் இருந்தார்கள். லியாண்டர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த அடியை எடுத்தார். அவருடைய தோள் குலுங்குவது பின்னாலிருந்து மெலினாவுக்குத் தெரிந்தது. இழுப்பினாலா சிரிப்பினாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு வீடு நிற்கவில்லை. கறுத்த ஐஸ் பின்னால் போய்விட்டது. துறை குறுகக் குறுக இரண்டு வரிசையும் நெருங்கி வந்தன. கடைசியில் ஓடை முகத்துச் சரளைமேட்டில் ஏறும்போது இடமில்லாமல் இரண்டு கயிற்று ஆட்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, யார் எந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறோம் என்று பார்க்காமல் இழுத்தார்கள். சறுக்குக்கட்டை சரளையில் கரகரவென்று உரசியது. ஒரு கடைசி ஐலசா. வீடு உட்கார்ந்தது.

எல்லார் மூச்சும் வெள்ளையாக மேலே போனது. பிறகு கதவு திறந்தது. ரொட்டி வாசனை வந்தது.

"ஒரு கோப்பை உடைஞ்சிருச்சு," என்றாள் ஜெமைமா.

"கனடாவுக்கு மனு போடு," என்றார் லியாண்டர். "உன் பொண்ணு நல்லா எழுதுவாளாமே."

வெல்லப்பாகு தடவிய ரொட்டியும் தேநீரும் முன்னறையிலேயே நடந்தன. எல்லாருக்கும் உள்ளே இடமில்லை. வழக்கப்படி வடகரைக்காரர் அடுப்புக்கு அந்தப் பக்கம் போனார்கள். அந்தப் பக்கம் நிரம்பிவிட்டதும் மீதிப் பேர் இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். அசரையா சுவரைத் தட்டிப் பார்த்து, இங்கே அறை அறையான ஓர் அலமாரி வைத்தால் கடிதத்தை இரண்டு கரைக்கும் தனித்தனியாகப் பிரிக்கலாம் என்றார். பெயர் வரிசைப்படி பிரித்தால் போதும் பெரியப்பா என்றாள் மெலினா. அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான்கு கல்லைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவள்தான் அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் கலைந்த பிறகு லியாண்டர் மட்டும் வாசலில் நின்றார். கறுப்புப் பட்டை இன்னும் கையில் இருந்தது.

"இதக் கழட்ட மாட்டேன்," என்றார். "இன்னிக்கு முழுக்கக் கட்டியிருப்பேன்."

"கட்டியிருங்க மாமா."

"நாளைக்கு வருவேன்."

"வாங்க."

"ஸ்டாம்பு வாங்க மாட்டேன். சும்மா வருவேன்." இரண்டு அடி போய்த் திரும்பினார். "அந்தப் பிள்ளைங்க பணம்… அதுக்கு ஏதாவது எழுதிக் குடுக்கணுமா? நான் கேக்கல. உங்க அத்த கேக்கச் சொன்னா."

"நான் எழுதித் தரேன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க."

அவர் வடகரைப் பக்கம் நடந்தார். அவள் விளக்கை ஏற்றி, குறிப்பேட்டை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இரண்டு கரையும் தெரிந்தன. முன்பு தீவிலிருந்து பார்த்தபோது இரண்டும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றதுபோல் இருக்கும். இங்கிருந்து பார்க்க அவை இரண்டு கையைப்போல் இந்த வீட்டிலிருந்து நீண்டு போயின. இப்படி எழுதினால் மிஸ் பென்னி மிகை என்று அடித்துவிடுவார் என்று தோன்றியது. எழுதவில்லை.

மார்ச் 31, 1949, வியாழன். காற்று திரும்பிவிட்டது, மேற்கு. வீடு ஓடை முகத்துக்கு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமைத் தவறை எல்லார் முன்னாலும் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இன்று இரவு நாங்கள் தூங்கும்போது நாடு கனடாவாகிவிடும். அம்மா விழித்திருக்கப் போவதில்லை என்கிறார். ஒரு கோப்பை உடைந்தது. தரை வடக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பூனையின் பால்கிண்ணத்தை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கட்டை கொடுத்துச் சரிசெய்யும்வரை தென்கரையில் இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். இல்லை, பெரியப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.

நாளை: நாய்வண்டி வருவதற்குள் வாசலிலிருந்து இரண்டு பக்கமும் பனியை வெட்டி வழி எடுக்க வேண்டும். மண்வெட்டி ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று இரவல் கேட்க வேண்டும். எந்தக் கரையில் கேட்கிறேன் என்பதை மறு கரைக்கும் சொல்லிவிட வேண்டும்.